பால் கொடுக்கும் தாயை எழுப்பி அனுப்பாதீர்கள்

பொது இடங்களின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். காத்திருப்புக் கூடங்கள், கடைகள், உணவகங்கள், நூலகங்கள், நிலையங்கள் என்று மக்கள் வந்து உட்காரும் இடங்களை நடத்துகிறவர்கள் நீங்கள். யார் எங்கே உட்காரலாம், எதைப் பார்த்தால் ஊழியர் வாய் திறக்க வேண்டும், எதற்குத் திறக்கக் கூடாது என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர்கள். உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் உங்களில் ஒருவர் யோசிக்காமல் எடுத்த ஒரு முடிவு, ஒரு நாள் என் குழந்தையின் வயிற்றில் அடித்துவிட்டது. அதனால் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது 4 மாதம். ஒரு அலுவலகத்தில் நானே நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டிய வேலை இருந்தது. குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. அவளுக்குத் தெரிந்த ஒரே உணவு என்னிடம்தான் இருந்தது. என் டோக்கன் எண் 64. நான் போனபோது பலகையில் 41 ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரமாக, மூன்றாவது வரிசையின் கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன்.

58 வந்தபோது அவள் விழித்தாள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். கையை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தாள். அழுகை வருவதற்குள் கொடுத்துவிடலாம் என்று மார்போடு சேர்த்துப் பிடித்தேன். பக்கத்து இருக்கையில் இருந்தவர் தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நான் பால் கொடுப்பது தெரிந்ததா என்பதே சந்தேகம்தான். பால் இறங்கி, அவள் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்கத் தொடங்கிய நேரத்தில், ஒரு பெண் ஊழியர் வந்து என் முன்னால் குனிந்தார்.

“அம்மா, உள்ளே ஒரு ரூம் இருக்கு. அங்கே போய்க் கொடுங்களேன்.”

“பரவாயில்லைங்க, இங்கேயே முடிச்சிடுவேன். என் நம்பர் வரப்போகுது.”

“இல்லம்மா, ஒருத்தர் வந்து சொல்லிட்டார். ரூம் இருக்கும்போது இங்கே கொடுக்க விடக் கூடாதுன்னு மேலேயும் சொல்லியிருக்காங்க.”

பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தையைச் சட்டென்று இழுத்து எடுக்க முடியாது. எடுத்தால் புண்ணாகிவிடும். வாயோரம் சுண்டு விரலை விட்டு, அந்தப் பிடியை மெல்ல விடுவிக்க வேண்டும். விடுவித்தேன். பாதி வயிற்றோடு பிடுங்கப்பட்ட குழந்தை என்ன செய்யும்? வீறிட்டு அழுதாள். அதுவரை எங்களைக் கவனிக்காத கூடம் முழுக்க அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பை, நனைந்துகொண்டிருந்த மேலாடை. இந்தக் கோலத்தில் ஐந்து வரிசை இருக்கைகளைத் தாண்டி நடந்தேன்.

நடைவழியின் கடைசியில் இருந்தது அந்த அறை. கயிறு கட்டிய பழைய கோப்புக் கட்டுகள், கால் உடைந்த இரண்டு மேசைகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கதவைச் சாத்தினால் கூடத்தில் எண் கூப்பிடுவது காதில் விழவில்லை. திறந்து வைத்தால் அது அறையே இல்லை. மகள் மறுபடி மார்பைப் பிடிக்கவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. அழுது களைத்த குழந்தைக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும், வாயைச் சரியாகத் திறக்கத் தெரியாது. ஒருவழியாகக் குடித்துத் தூங்கிய பிறகு வெளியே வந்தேன். பலகையில் 73. என் எண் தாண்டிவிட்டது, புதிதாக டோக்கன் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

என்னை அழைத்துப்போன ஊழியர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அறை வாசலில் நின்று, “எனக்கும் ரெண்டு பசங்கதாம்மா. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவருக்குத் தெரியும். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. அவர் சொன்ன அந்த “மேலே” நீங்கள்தான்.

கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. பச்சைக் குழந்தையின் பசி எப்படி வேலை செய்கிறது என்பது, பக்கத்தில் இருந்து பார்த்தால் ஒழியத் தெரியாது. எனக்கும் பெற்ற பிறகுதான் தெரிந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

“அழுத பிள்ளை பால் குடிக்கும்” என்று நம் மொழியில் ஒரு சொல் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்குச் சொல்வது. ஆனால் குழந்தை விஷயத்தில் அழுகை என்பது பசியின் கடைசிக் கட்டம். அதற்கு முன்பே அது பல விதத்தில் கேட்டுவிடுகிறது. உதட்டைச் சப்புக்கொட்டும், கன்னத்தில் எது பட்டாலும் அந்தப் பக்கம் வாயைத் திருப்பித் தேடும், முஷ்டியை வாய்க்குக் கொண்டுபோகும். அந்த நேரத்திலேயே கொடுத்துவிட்டால் சத்தமில்லாமல் குடிக்கும். அழ ஆரம்பித்துவிட்டால் முதலில் சமாதானம் செய்ய வேண்டும், அப்புறம்தான் பால். ஆக, பொது இடத்தில் குழந்தை அழாமல் இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், தாய் உட்கார்ந்த இடத்திலேயே உடனே கொடுக்க விடுவதுதான் வழி.

பிறந்த புதிதில் ஒரு குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். வயிறு அவ்வளவு சிறியது, தாய்ப்பால் அவ்வளவு சீக்கிரம் செரிக்கிறது. ஒரு தடவைக்கு இருபது நிமிடம் என்று வைத்தாலும், 12 தடவைக்கு 4 மணி நேரம். நேரம் குறித்து வைத்துக்கொள்ளவும் முடியாது. சில சாயங்காலங்களில் அரை மணிக்கு ஒரு தரம் கேட்கும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம், அதன் பிறகு மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரையிலும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் சொல்லும் அறிவுரை. உங்கள் சுவர்களில்கூட அந்தச் சுவரொட்டி இருக்கலாம். அதைக் கடைப்பிடிக்கிற ஒரு பெண் எங்கேயாவது வெளியே போய்விட்டுத் திரும்புவதற்குள் குறைந்தது ஒரு தடவையாவது பால் கொடுத்தாக வேண்டியிருக்கும். வெளியே கொடுக்கக் கூடாது என்றால், வெளியே வரக் கூடாது என்றுதான் அர்த்தம்.

இது குழந்தையின் பக்கம். தாயின் உடம்பில் நடப்பது இன்னொன்று. குழந்தை சப்பும்போது மூளையிலிருந்து இரண்டு சுரப்புகள் புறப்படுகின்றன. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. பால் இறங்குவது என்று நாங்கள் சொல்வது இந்த இரண்டாவதைத்தான். பதற்றமும் கூச்சமும் அவமானமும் இந்த இறக்கத்தைத் தடுக்கக்கூடியவை. மார்பு நிறையப் பால் இருக்கும், குழந்தை சப்பும், ஆனால் வராது. குழந்தை விட்டுவிட்டு அழும். அதைப் பார்த்துத் தாய் இன்னும் பதறுவாள். அந்த அறையில் எனக்கு நடந்தது இதுதான். ஒருவர் முறைத்துப் பார்ப்பது உடம்புக்குள் போய் வேலை செய்கிறது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஒவ்வொரு பாலூட்டும் பெண்ணுக்கும் இது தெரியும்.

ஒரு வேளை தள்ளிப்போட்டால் பால் கட்டிக்கொள்ளும். மார்பு கல்லாகிவிடும், தொட முடியாது. அடிக்கடி தள்ளிப்போனால் அடைப்பு வரும், வீக்கம் வரும், குளிர் காய்ச்சல் வரை போகும். இன்னொன்றும் உண்டு. மார்பு காலியாகக் காலியாகத்தான் புதிதாகச் சுரக்கும். வெளியே போகும் நாளெல்லாம் ஒரு வேளை, இரண்டு வேளை தவிர்த்துக்கொண்டே வந்தால், உடம்பு இவ்வளவு போதும் போல என்று சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பால் குறைகிறதே என்று தாய் பயந்து பால் மாவுக்குப் போவாள்; அதனால் குழந்தை சப்புவது மேலும் குறையும்; பாலும் மேலும் குறையும். “எனக்குப் பால் பத்தவில்லை” என்று சொல்லும் பெண்களில் எத்தனை பேரின் கதை இப்படி ஆரம்பித்திருக்குமோ என்று நான் பல முறை நினைத்ததுண்டு.

சரி, ஒரு துணியைப் போட்டு மூடிக்கொள்ளலாமே என்பது அடுத்த யோசனை. மூடிக்கொள்ள விரும்பும் பெண்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் விருப்பம், அதில் தவறே இல்லை. ஆனால் அதை நிபந்தனையாக்கும்போது சில விஷயங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். முதல் வாரங்களில் தாய்க்குக் குழந்தையின் வாய் கண்ணில் பட்டாக வேண்டும். காம்பை மட்டும் பிடித்திருக்கிறதா, சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால் இரண்டே நாளில் வெடிப்பு. நான்கு, ஐந்து மாதக் குழந்தையோ சுற்றிலும் நடப்பதைப் பார்க்க ஆசைப்படும். துணியை இழுத்துத் தள்ளும். தலைக்கு மேல் துணி இருந்தால் அதற்குப் புழுங்கும், மூச்சு முட்டும். துணியோடு போராடும் தாயும் குழந்தையும்தான் ஒரு கூடத்தில் அதிகம் கண்ணில் படுகிறவர்கள்.

பாலை முன்கூட்டியே எடுத்துப் புட்டியில் கொண்டு வரலாமே என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சிலரால் முடியும். எனக்கு அரை மணி நேரம் கருவியோடு உட்கார்ந்தாலும் அடிப்பகுதி நிறைகிற அளவுகூட வராது. அதே நேரத்தில் மகள் வயிறு நிறையக் குடித்துவிடுவாள். எடுத்த பால் அறையின் வெப்பத்தில் சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும். புட்டியைத் தொடவே மறுக்கும் குழந்தைகள் உண்டு. அப்படியே புட்டியில் கொடுத்தாலும், அந்த நேரத்தில் மார்பில் பால் கட்டத்தான் செய்யும். பிறகு அதை எங்கே போய் எடுப்பது? கடைசியில் ஒரு கழிப்பறையில்தான்.

கழிப்பறையைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. உட்கார இடம் கிடையாது, பையை வைக்கத் தரை சரியில்லை, கை கழுவிவிட்டுத் தாழ்ப்பாளைத் தொட்டால் மறுபடி கழுவ வேண்டும், பக்கத்தில் தண்ணீர் பாயும் சத்தத்துக்குக் குழந்தை ஒவ்வொரு முறையும் திடுக்கிடும். உங்கள் ஊழியர் யாராவது ஒரு தாயை அங்கே போகச் சொன்னதுண்டா என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள்.

புட்டியில் கொடுக்கும் தாய்களையும் இங்கே மறந்துவிடக் கூடாது. மருந்து காரணமாகவோ நோய் காரணமாகவோ தத்தெடுத்ததாலோ, அல்லது வெறுமனே தாய்ப்பால் சரிப்பட்டு வராததாலோ, அவர்கள் பால் மாவு கொடுக்கிறார்கள். அவர்களையும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்: ஏன் தாய்ப்பால் கொடுக்கவில்லை என்று. மார்பில் கொடுத்தால் ஒரு பார்வை, புட்டியில் கொடுத்தால் ஒரு பார்வை. பால் மாவைக் குறைந்தது 70 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மாவில் கிருமி இருக்க வாய்ப்புண்டு என்பதால். உங்கள் கூடத்தில் கொதிநீர் கேட்கும் ஒருவருக்கு முகம் சுளிக்காமல் கொடுத்தால் அதுவும் பெரிய உதவிதான்.

அதனால்தான் ஸ்காட்லாந்தில் 2005-ல் வந்த சட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பொது இடத்தில் பால் கொடுப்பவரை வேண்டுமென்றே தடுப்பதோ நிறுத்துவதோ அங்கே குற்றம். மார்பில் கொடுத்தாலும் புட்டியில் கொடுத்தாலும் ஒன்றுதான். கொடுப்பவர் தாயாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யாரானாலும் சரி. அந்தச் சட்டம் பெண்ணின் மார்பைப் பார்க்கவில்லை. பசித்த குழந்தையைப் பார்க்கிறது. நீங்களும் அந்த இடத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தால் உங்கள் கேள்விகளில் பாதி தானாக அடங்கிவிடும்.

தைவானில் 2010-ல் கொண்டுவந்த சட்டம் இன்னும் நேராக என் பிரச்சினைக்கே வருகிறது. பொது இடத்தில் தாய்ப்பால் கொடுக்கும் பெண்ணை யாரும் தடுக்கவோ விரட்டவோ இடையூறு செய்யவோ கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. அங்கே பாலூட்டும் அறை இருந்தாலும், அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்வாள் என்றும் சொல்கிறது. பெரிய இடங்கள் அறை வைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அதே சட்டம்தான் இதையும் சொல்கிறது. அறை கட்டிய கையோடு அதற்குள் எல்லோரையும் அனுப்பத் தொடங்குவார்கள் என்பதை எழுதியவர்கள் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியா தன் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் 2011-ல் பாலூட்டுவதைத் தனிக் காரணமாகச் சேர்த்தது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டமும் பாலூட்டும் பெண்ணை அதற்காகத் தாழ்வாக நடத்துவதைத் தடை செய்கிறது. அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாகச் சட்டம் வந்து, 2018-ல் ஐம்பதாவது மாநிலமும் சேர்ந்தது. பொது இடத்தில் பாலூட்டுவதைக் களங்கமாகப் பார்க்கக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் சொன்னது. உங்கள் இடம் எந்த நாட்டில் இருந்தாலும், அங்கே என்ன விதி என்று உங்கள் சட்ட ஆலோசகரை ஒரு தடவை கேட்டுவிடுங்கள். உங்கள் வாயில் காவலர் இன்று சொல்லிக்கொண்டிருப்பது சட்டத்துக்கே எதிரானதாக இருக்கலாம்.

மனம் மாறுவதற்கு எவ்வளவு நாளாகும் என்று கேட்டால், எனக்கு ஆஸ்திரேலியாவில் நடந்த இரண்டு சம்பவங்கள் நினைவுக்கு வரும். 2003 பிப்ரவரியில் விக்டோரியா மாநிலச் சட்டமன்றத்தில் கிர்ஸ்டி மார்ஷல் என்ற உறுப்பினர், பிறந்து 2 வாரம்கூட ஆகாத தன் குழந்தைக்கு அவையில் உட்கார்ந்து பால் கொடுத்தார். வெளியே போகச் சொன்னார்கள். காரணம் என்ன தெரியுமா? உறுப்பினர் அல்லாத “அந்நியர்” யாரும் அவைக்குள் இருக்கக் கூடாது என்பது விதி. அந்நியர் என்றது அந்தக் குழந்தையை. 2016-ல் அந்த நாட்டின் கூட்டாட்சி நாடாளுமன்றம் கைக்குழந்தைகளை அவைக்குள் அனுமதிக்கும்படி தன் விதிகளை மாற்றியது. 2017-ல் லாரிசா வாட்டர்ஸ் என்ற செனட்டர் அவையில் தன் மகளுக்குப் பால் கொடுத்தார்; அடுத்த மாதமே, பால் கொடுத்தபடி எழுந்து, சுரங்கத் தொழிலாளர்களைத் தாக்கும் நுரையீரல் நோய் பற்றிய தீர்மானத்தை முன்மொழிந்தார். ஐஸ்லாந்திலும் 2016-ல் ஒரு உறுப்பினர் குழந்தை மார்பில் இருக்கும்போதே பேசும் மேடைக்குப் போய்ப் பேசினார். நாடாளுமன்றம் நடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

புகார் சொன்ன அந்த மனிதரைப் பற்றியும் நான் நிறைய யோசித்தேன். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். திருமணத்துக்கு முன்னால் யாராவது பக்கத்தில் பால் கொடுத்தால் நானும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தலையைத் திருப்பிக்கொள்வேன். பார்த்துப் பழகாத எதுவும் நெருடத்தான் செய்யும். ஆனால் அந்த நெருடலைத் தீர்ப்பது யார் வேலை? தலையைத் திருப்ப ஒரு நொடி போதும், இடம் மாறி உட்கார அரை நிமிடம். பசித்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்து போகிறவளுக்கு ஆகும் செலவு அதைவிட எவ்வளவோ அதிகம்.

பார்த்துப் பழகாததால் எனக்கு நடந்த நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். என் மகள் பிறக்கும் வரை ஒரு குழந்தை மார்பைப் பிடிப்பதை நான் ஒரு தடவைகூடக் கிட்டே இருந்து பார்த்ததில்லை. எப்போதும் கதவுக்குப் பின்னால், துணிக்குப் பின்னால். இயற்கையானதுதானே, தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. குழந்தையின் முகம் என்னைப் பார்த்து நேராக இருக்க வேண்டும், தாடை மார்பில் பதிய வேண்டும், குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டுமே தவிர மார்பைக் குழந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது. இதெல்லாம் தெரியாமல் பத்து நாள் புண்ணோடு பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன். பிறகு ஒரு மருத்துவமனைக் காத்திருப்பில், எதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். “இப்படிப் பிடிச்சுப் பாருங்க” என்று குழந்தையின் தோளை மட்டும் கொஞ்சம் திருப்பிவிட்டார். வலி அங்கேயே பாதியாகக் குறைந்தது. அவரை யாராவது ஒரு அறைக்குள் அனுப்பியிருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது. அந்தக் கூடத்தில் அப்போது பள்ளிச் சீருடையில் இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு பையனும் இருந்தார்கள். அவர்களும் பார்த்தார்கள், பிறகு தங்கள் பேச்சுக்குத் திரும்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இது பிற்காலத்தில் நெருடாது என்று நினைக்கிறேன்.

உலகத்தில் 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 48 விழுக்காட்டினருக்குத்தான் தாய்ப்பால் மட்டும் கிடைக்கிறது என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொன்னன. பாலூட்டல் எல்லா நாடுகளிலும் பரவலானால் ஆண்டுக்கு 8,23,000 குழந்தைகளின் சாவைத் தவிர்க்கலாம் என்று 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. வேலைக்குத் திரும்புவது, பால் மாவு விளம்பரம், மருத்துவமனையில் உதவி இல்லாமை என்று பாலூட்டல் குறைவாக இருப்பதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் உங்களால் மாற்ற முடியாது. வெளியே போனால் யார் என்ன சொல்வார்களோ என்கிற பயம் மட்டும் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. உங்கள் ஊழியர்களிடம் ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள்: பால் கொடுக்கும் தாயை எழுப்பாதே. யாராவது புகார் சொன்னால், புகார் சொன்னவரிடம் பேசச் சொல்லுங்கள். “குழந்தை பால் குடிக்கிறது, இங்கே அதற்குத் தடை இல்லை. உங்களுக்கு வேண்டுமானால் அந்தப் பக்கம் இருக்கை தருகிறேன்” என்றால் முடிந்தது. இதை வாய்மொழியாக விடாமல் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் அந்த ஊழியர் அம்மாவைப் போல, மனதுக்குள் வருந்திக்கொண்டே எங்களை எழுப்பி அனுப்பத்தான் செய்வார்கள்.

யாராவது கைபேசியை உயர்த்திப் படம் எடுத்தால், அப்போது உங்கள் ஊழியர் தலையிடட்டும். பாலூட்டும் பெண்ணை அவள் சம்மதம் இல்லாமல், பாலியல் நோக்கத்தோடோ அவளை அவமானப்படுத்தவோ வருத்தவோ படம் பிடிப்பதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022-ல் குற்றமாக்கினார்கள். உங்கள் கூடத்தில் தொந்தரவு என்று ஏதாவது இருக்குமானால் அதுதான்.

அறைகள் வேண்டாம் என்று சொல்கிறேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். கூச்சம் உள்ள தாய்க்கு, பால் எடுக்கும் கருவியோடு வருகிறவளுக்கு, இரைச்சலில் குடிக்காத குழந்தைக்கு, இரட்டைக் குழந்தைகளோடு வந்தவளுக்கு அறை மிகவும் தேவை. நல்ல அறையாக இருக்கட்டும். கை வைத்த, முதுகு சாயும் நாற்காலி. கை கழுவத் தண்ணீர். கருவிக்கு மின் இணைப்பு. பையை வைக்க ஒரு மேசை. உள்ளிருந்து தாழ் போடும் கதவு. சாவி யாரோ ஒருவர் சட்டைப் பையில் இல்லாமல் கதவிலேயே இருக்கட்டும். உள்ளே இருப்பவருக்கு எண் கூப்பிடுவது கேட்க ஒரு ஒலிபெருக்கி, அல்லது தாண்டிப்போன எண்ணை மறுபடி கூப்பிட ஒரு ஏற்பாடு. வாசலில் “இங்கே பாலூட்டலாம்” என்று எழுதுவதோடு, “நீங்கள் விரும்பினால்” என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் இடத்தில் அப்படி ஓர் அறை ஏற்கெனவே இருந்தால், இந்த வாரம் ஒரு நாள் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு 20 நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கைபேசியை வெளியே வைத்துவிட்டு, மடியில் 6 கிலோ எடையுள்ள ஒரு பொட்டலத்தை வைத்துக்கொண்டு. நாற்காலி எப்படி இருக்கிறது, காற்று வருகிறதா, வெளியே நடப்பது கேட்கிறதா என்று உங்களுக்கே தெரியும்.

என் மகளுக்கு இப்போது 11 மாதம். தவழ்ந்து விளையாடுகிறாள், நடுவில் வந்து பால் கேட்கிறாள். அந்த அலுவலக வேலை ஒரே தடவையில் முடியவில்லை. அடுத்த மாதம் மறுபடி போக வேண்டும். அவளும் வருவாள். சுவரோரமாக மூன்றாவது வரிசையின் கடைசி இருக்கை காலியாக இருந்தால் அதில்தான் உட்காரப் போகிறேன். அவளுக்குப் பசித்தால் அங்கேயே கொடுப்பேன். அதற்குள் உங்கள் பதில் அந்த ஊழியர் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
டோக்கன் எண் 64